நாகஜோதி பக்கத்துல

வகுப்புக்கு ஒரு வெப்சைட் போடுங்கன்னு ஹெச்.எம். சொன்னப்ப எனக்கு எரிச்சல்தான் வந்துச்சு. சத்துணவுக் கணக்கு, சீருடை, செல்போன்ல வருகைப்பதிவு, இம்புட்டுக்கும் நடுவுல இது ஒண்ணுதான் கொறச்சலா? நான் மாறுதல்ல வந்தே கொஞ்ச நாள்தான் ஆகுது. புதுசா வந்தவ தலையிலதான எதையும் கட்டுவாங்க.

ஆனா ஆரம்பிச்சதும் எனக்கே பிடிச்சுப்போச்சு. 'ஏழாம் வகுப்பு' ன்னு பெருசா தலைப்பு வச்சேன். வீட்டுப்பாடத்துக்கு ஒரு பக்கம், பரீட்சைத் தேதிக்கு ஒரு பக்கம். முதல் பக்கத்துக்கு ஒரு குரூப் போட்டோ வேணும்.

பிள்ளைகள வேப்பமரத்துக்கு முன்னாடி நிறுத்துனேன். நாகஜோதிக்கும் ராம்கிக்கும் நடுவுல ஓர் ஆள் நிக்கிற அளவுக்கு எடம் காலியா கெடந்துச்சு. "ஒட்டி நில்லுங்க" ன்னு கத்துனேன். ஒட்டுனாங்க. படம் எடுக்கப் போனத் தூக்குனா திரும்பவும் விலகிட்டாங்க. வெயிலு மண்டையப் பொளக்குது. எப்படியோ தொலைங்கன்னு எடுத்துட்டேன்.

வீட்டுக்கு வந்து படத்த ஏத்துறப்ப, 'சீராக்கவா?' ன்னு ஒரு பட்டன் வந்துச்சு. எதையாச்சும் அமுக்கிப் பாக்கலேன்னா எனக்குக் கை சும்மா இருக்காது. அமுக்குனேன். வெளிச்சம் கூடி, வரிசை நெறஞ்சு அழகா ஆயிருச்சு. பெத்தவங்க வாட்சப் குரூப்ல லிங்க்கப் போட்டுட்டு சோறாக்கப் போயிட்டேன்.

மறுநாள் வகுப்புக்குள்ள நொழஞ்சேன். நாகஜோதிதான் எந்திரிச்சா.

"டீச்சர், போட்டோல எம்பக்கத்துல யாரோ நிக்கிறா."

போன எடுத்துப் பாத்தேன். அந்தக் காலி எடத்துல ரெட்டைச் சடையோட ஒரு பிள்ளை சிரிக்குது. அதே சீருடை. ஆத்தாடி! அந்தப் பட்டன் செஞ்ச வேலை, காலி எடத்த நெறைக்கத் தானா ஓர் ஆள வரஞ்சு வச்சிருக்கு.

"அது இசைவாணி எடம் டீச்சர்" ன்னா நாகஜோதி. "போன வருசம் காய்ச்சல்ல செத்துப்போயிட்டா. எப்பயும் எனக்கும் ராம்கிக்கும் நடுவுலதான் நிப்பா."

மத்தியானம் இசைவாணியோட அம்மா அன்னக்கொடி வந்து நின்னாங்க. பரவை மார்க்கெட்டுல காய் விக்கிறவங்க. குரூப்ல இருந்து அவங்கள யாரும் எடுக்கல போல. படத்த அழிச்சிராதீங்கன்னு அழுவாங்களோன்னு எனக்குப் பயம்.

"இது எம்புள்ள இல்ல டீச்சர்" ன்னாங்க. "எவளோ ஒருத்தி அவ எடத்துல நிக்கிறா. அப்ப எம்புள்ள எங்கிட்டுப் போயி நிப்பா?"

"தப்பு நடந்துபோச்சுக்கா. இப்பவே மாத்திர்றேன்."

அவங்க முன்னாடியே பழைய படத்த ஏத்துனேன். அந்தச் சிரிப்பு போயிருச்சு, காலி எடம் வந்துருச்சு. அப்பத்தான் கவனிச்சேன். நாகஜோதியோட இடது கை தொங்கல. பக்கவாட்டுல அந்தரத்துல நின்னுச்சு.

அவளக் கூப்பிட்டேன். "கைய ஏண்டி தூக்குன?"

"தூக்கல டீச்சர். அவ தோள்லதான் போட்டிருந்தேன்."

அன்னக்கொடியக்கா போன வாங்கி, படத்துல அந்தக் கைக்குக் கீழ விரல வச்சு வச்சு ஒசரம் அளந்து பாத்தாங்க. நாகஜோதியையும் ஏற எறங்கப் பாத்தாங்க.

"போன வருசம் இவ மாரளவுதான் இருந்தா எம்புள்ள" ன்னாங்க. "இப்பப் பாருங்க, தோளுக்கு வந்துட்டா. வளந்திருக்கா டீச்சர்."