ஓர்பாவுக்கான அடக்க ஆராதனை

அலோர் தீவின் மலைக்கிராமம் ஒன்றில் டெல்சி பயிற்சிப் போதகராக வந்து பதினாறு மாதம் ஆகியிருந்தது. இன்னும் எட்டு மாதம் போனால் குருப்பட்டம். அவளால்தான் தொடர முடியவில்லை. குப்பாங் நகரில் இறையியல் படித்ததே போதகராக இருந்த அப்பா ஆசைப்பட்டதால். அப்பா இறந்தபின், ஜெபிக்க வாயைத் திறந்தால் மனப்பாட வரிகள் மட்டுமே வந்தன.

பிப்ரவரித் தொடக்கத்தில் ஒருநாள் விலகல் கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு, சபை மாவட்டத் தலைவரைப் பார்க்கத் துறைமுக ஊருக்குக் கிளம்பினாள். தங்கியிருந்தது சபை மூப்பர் மெல்கியாஸ் வீட்டில்; அவரையும் அப்பா என்றுதான் கூப்பிடுவாள். அவர்களிடம், வேலை விஷயம் என்று மட்டும் சொன்னாள்.

“மழை விடவே மாட்டேங்குது. நாளைக்குப் போனா என்ன?” என்றாள் மெல்கியாஸின் மனைவி ஓர்பா.

“தலைவர் இன்னைக்கு மட்டுந்தான் இருப்பாராம்மா.”

“அப்ப இவரோட வண்டியிலயே போ. வீட்டுல இருந்தாலும் பன்னிக்குத் தீனியா வைக்கப்போறாரு? பாக்க மென்னுக்கிட்டு கெடப்பாரு.”

மெல்கியாஸ் சிரித்தபடி வண்டியைக் கிளப்பினார்.

தலைவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். “ஊழியத்துக்கு வான்னு ஆண்டவரோட அழைப்பு ஒனக்கு எப்ப வந்துச்சு?”

“வந்ததே இல்ல ஐயா.”

“அடுத்த மாசக் கூட்டத்துல வைக்கிறேன்” என்று வாங்கிக்கொண்டார்.

திரும்பும்போது பாலத்தின் மேல் வெள்ளம் போயிற்று. இருவரும் துறைமுக ஊரிலேயே தங்கினார்கள். விடியும் நேரத்தில் மலை சரிந்தது. கிராமத்தின் மேல்வரிசையில் ஆறு பேர் மண்ணுக்கடியில் போனார்கள். ஐந்து உடல்கள் கிடைத்தன. ஓர்பா கிடைக்கவில்லை.

ஐந்து பேரையும் டெல்சிதான் அடக்கம் செய்தாள். ஒவ்வொரு குழி மேட்டிலும் யாராவது அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “போதகரம்மா, ஊழியத்துக்குன்னுதான் ஆண்டவர் ஒங்களக் காப்பாத்தி வச்சிருக்காரு” என்றார்கள். அதைக் கேட்கக் கேட்க அவளுக்குச் சோறு இறங்காமல் போயிற்று.

மூன்றாம் வாரம், எல்லோரும் தங்கியிருந்த பள்ளிக்கூடத்தில், மெல்கியாஸ் தனியே இருந்தபோது சொல்லிவிட்டாள்.

“அப்பா, அன்னைக்கு நான் ஊழியத்த விடுறதுக்கு எழுதிக் குடுக்கத்தான் போனேன். தலைவர் மறுநாளும் இருந்திருப்பாரு. சீக்கிரம் போய்டணும்னு பொய் சொன்னேன்.”

“நாளைக்குன்னு சொல்லியிருந்தா அன்னைக்கு ராத்திரி நான் அவ பக்கத்துல இருந்திருப்பேன்” என்றார் அவர்.

“நீங்களும் போயிருப்பீங்கப்பா.”

“அதத்தான் சொல்றேன்.”

எழுந்து வெளியே போனார். ஊரில் யாரிடமும் அவர் இதைச் சொல்லவில்லை. ஆனால் அதன்பின் அவள் நீட்டிய வெற்றிலைத் தட்டில் கை வைக்கவில்லை. முகம் பார்க்கவும் இல்லை.

உடலைத் தேட வந்திருந்த ராணுவ வீரர்கள் தேடுவதை நிறுத்திக்கொண்டு போன மறுநாள் காலை, அவராகவே வந்து அவள் இருந்த வகுப்பறை வாசலில் நின்றார்.

“மேல வா. அவள அடக்கம் பண்ணணும்.”

“வேற போதகரக் கூட்டிட்டு வரட்டுமாப்பா? எனக்கு அழைப்பே இல்லன்னு ஒங்களுக்குத் தெரியுமே.”

“நான் கூப்புட்டுக்கிட்டுதான நிக்கிறேன். காது கேக்கலையா ஒனக்கு?”

அவ்வளவு கோபமாக அவர் பேசி அவள் கேட்டதில்லை. எழுந்து போனாள்.

சரிவில் வீடு இருந்த இடம் எதுவென்றே தெரியவில்லை. குத்துமதிப்பாக ஓரிடத்தில் நின்றார்கள். ஆராதனைப் புத்தகத்தைத் திறந்தாள். ‘இந்த உடலை மண்ணுக்கு ஒப்புக்கொடுக்கிறோம்’ என்ற வரிக்கு மேல் வாய் போகவில்லை. ஒப்புக்கொடுக்க எதுவும் இல்லை. புத்தகத்தை மூடினாள்.

“ஆண்டவரே, நான் பொய் சொன்னேன். ஓர்பா அம்மா இங்கதான் எங்கயோ இருக்காங்க. எடம் எங்களுக்குத் தெரியல. ஒங்களுக்குத் தெரியும். பாத்துக்கோங்க.”

அதற்குமேல் அழுகைதான் வந்தது. மெல்கியாஸ் குனிந்து ஒரு பிடி ஈரமண்ணை எடுத்து, அந்த மண்ணின் மேலேயே போட்டார். இறங்கும்போது அவளுக்கு முன்னால் நடந்தார்.

அடுத்த மாதம், கூட்டத்துக்கு முன்பே, டெல்சி கடிதத்தைத் திரும்பக் கேட்டாள்.

“அழைப்பு வந்துருச்சா?” என்றார் தலைவர்.

“ஒருத்தர் கூப்பிட்டாரு, போனேன். அது அழைப்பான்னு எனக்குத் தெரியல ஐயா.”

அவர் கடிதத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

அக்டோபரில் குருப்பட்டம் பெற்று அதே கிராமத்துக்குத் திரும்பினாள். அவள் நடத்திய முதல் திருவிருந்துக்கு மெல்கியாஸ் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார், முன்னால் வரவில்லை. ஆராதனை முடிந்ததும் அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் அவரிடமே கொண்டுபோனாள். வாங்கிக்கொண்டார். நிமிர்ந்து பார்க்கவில்லை.