வளையாத கோடு

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் சாய்வு டீச்சர். தூரம்-நேரம் வரைபடத்தில் கோடு மேலே ஏறினால் வேகம் கூடுகிறது என்று யாராவது எழுதிவிட்டால் போதும், மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். "ஏறுறதைப் பாக்காதே, எவ்வளவு சாய்வா ஏறுதுன்னு பாரு" என்று தொண்டை வற்றக் கத்துவாள்.

அந்தத் தப்பைத்தான் அன்று பஸ் கம்பெனியின் விசாரணை அதிகாரி செய்தார்.

அவள் கணவர் அங்கே டிரைவர். போன வாரம் பட்டப்பகலில், நேர் ரோட்டில், ஓரமாக நின்ற லாரியின் பின்னால் பஸ்ஸைக் கொண்டுபோய் மோதிவிட்டார். முன் சீட்டிலிருந்த பெண்ணுக்கு ஒரு கால் போய்விட்டது. "பிரேக்கை மிதிச்சேன், வண்டி நிக்கல" என்று வீட்டில் திரும்பத் திரும்பச் சொன்னார். அவள் நம்பினாள். கட்டியவள் நம்பாமல் வேறு யார் நம்புவார்கள்? பிரேக்கில் கோளாறு இல்லை என்று மெக்கானிக் சொன்ன பிறகும் நம்பினாள்.

வேகமாக ஓட்டினார் என்று முடிவானால் ஆறு மாதம் சஸ்பெண்ட். தூங்கிவிட்டார் என்றால் வேலையும் போகும், லைசென்சும் போகும். விசாரணைக்குத் துணையாக ஒருவர் வரலாம் என்றதால் அவளும் ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

பஸ்ஸிலிருந்த கருவி வரைந்த படத்தை அதிகாரி மேசையில் விரித்தார். "கோடு ஏறிக்கிட்டே போகுது பாருங்க. வேகத்தை ஏத்திக்கிட்டே போயிருக்கீங்க. அதான் பிரேக் போட்டும் நிக்கல. ஒத்துக்கிறீங்களா?"

கணவர் தலை குனிந்தபடி பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"சார், இது தூரம்-நேரம் படம். ஏறுனா வண்டி போகுதுன்னுதான் அர்த்தம். வேகத்துக்குச் சாய்வைப் பாக்கணும்." கைப்பையிலிருந்து ஸ்கேலை எடுத்துக் கோட்டின்மேல் வைத்தாள். இம்மி பிசகாமல் ஒட்டிக்கொண்டது. "பாருங்க, ஒரே சாய்வு. வேகம் கூடவே இல்ல. கணக்குப் போட்டா அனுமதிச்ச வேகத்துக்குள்ளதான் வரும்."

சொல்லும்போதே அவளுக்கு மனம் குளிர்ந்தது.

"அட, ஆமா!" என்றார் அதிகாரி. "அப்ப பிரேக் போட்டா கோடு எப்படிம்மா இருக்கும்?"

வகுப்பில் யாராவது கேட்டிருந்தால் கைதட்டச் சொல்லியிருப்பாள். "சாய்வு குறைஞ்சுக்கிட்டே வந்து, கோடு வளைஞ்சு..." என்றபடி ஸ்கேலை மோதிய இடம் வரைக்கும் நகர்த்தினாள். அங்கேயும் கோடு வளையவில்லை. நேராக ஏறி வந்து, சட்டென்று ஒடிந்து படுத்துவிட்டது.

அவள் ஸ்கேலை எடுத்துக் கைப்பைக்குள் போட்டாள்.

அதிகாரி குனிந்து பார்த்தார். ஒருமுறை சொன்னால் புரிந்துகொள்கிற ஆள் அவர். அவள் வகுப்புக்கு அப்படி ஒருத்தர்கூட வாய்த்ததில்லை. "வளையவே இல்லியேம்மா" என்றார் மெதுவாக.

"கருவி ஏதாவது தப்பா..." என்று இழுத்தாள். அவளுக்கே அதில் நம்பிக்கை இல்லை. அதிகாரி பேனாவை எடுத்துவிட்டார்.

பஸ்கள் வரிசையாக நின்ற முற்றத்துக்கு வந்ததும் கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வகுப்பில் இருபது வருஷமாக அவள் திருத்திய தப்பை இன்று ஒரு நாள் திருத்தாமல் விட்டிருக்கலாம். அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"ஆமான்னு சொல்லிட்டு வந்துடலாம்னுதான் வாயைத் திறந்தேன்" என்றார் அவர். "கண்ணு அசந்தது எனக்குத் தெரியும். உனக்குத் தெரிய வேணாம்னு பாத்தேன்."