பச்சைச் சட்டை

தன்னார்வலர்கள் சாப்பிடப் போனதும் அவள் பிளேடை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கினாள். காலையில் அவர்கள் நட்ட கன்றுகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் நட்டவர் பெயர் எழுதிய அட்டை தொங்கியது. காட்டுக் காப்பகத்தில் கூலிக்கு வேலை பார்க்கும் அவள்தான் குழிகளை முந்தின நாளே வெட்டி வைத்திருந்தாள். வந்தவர்கள் கன்றை வைத்து மண்ணைத் தள்ளிப் படம் எடுத்துக்கொண்டால் போதும். பாதிப் பேர் பிளாஸ்டிக் பையோடு நட்டுவிடுவார்கள். வேர் பைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நெறிபட்டு, கோடைக்குள் கன்று காய்ந்துவிடும். அவர்களைத் திருத்தப் போய் மனம் கோணவைக்கக் கூடாது என்பது மேலாளர் உத்தரவு. அதனால் தினமும் மத்தியானத்தில் அவள் கன்றைத் தூக்கி, பையைக் கிழித்து, அட்டை பார்த்த திசை மாறாமல் திரும்ப நடுவாள். மண்ணை அமுக்கும்போது, "சாமி, இது பொழைக்கட்டும்" என்று வாய் தானாகச் சொல்லும்.

அன்று பின்னால் ஒரு நிழல் விழுந்தது. லீவு போட்டுவிட்டு மரம் நட வந்திருந்த நர்ஸ் பெண் நின்றிருந்தாள்.

"அக்கா, நாங்க நட்டதையா பிடுங்குறீங்க?"

அவள் கையிலிருந்த கன்றின் பையைக் காட்டினாள். நர்ஸ் குனிந்து அட்டையைப் படித்தாள். நர்ஸின் பெயர்தான்.

"என்னுதேவா? ஆஸ்பத்திரியில இப்படி வேலை பார்த்திருந்தா என்னைத் துரத்தியிருப்பாங்க" என்று சிரித்தபடி மண்ணில் உட்கார்ந்து இன்னொரு பிளேடு கேட்டாள். அதன்பிறகு இருந்த நாளெல்லாம் ஆறிய சாப்பாட்டைத்தான் சாப்பிட்டாள்.

வேலைக்கு நடுவே அவள் கதையையும் நர்ஸ் கேட்டுத் தெரிந்துகொண்டாள். காப்பகத்துக்காக விதை பறிக்க ஏறிய மரத்திலிருந்து புருஷன் விழுந்தது, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போனது, இரண்டு வருஷமாக நாற்றங்காலுக்குப் பின்னால் காப்பகம் கொடுத்த ஒற்றை அறையில் கிடப்பது. ஒரு மாலை நர்ஸ் அந்த அறைக்கே வந்தாள். ஆளை நோகாமல் புரட்டுவது எப்படி, புண் வராமல் முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைப்பது எப்படி என்று செய்து காட்டினாள். அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

"ரெண்டு வருஷமா இவ என்னை மூட்டை மாதிரிதான் உருட்டிக்கிட்டிருக்கா, தங்கச்சி" என்றான்.

ஊருக்குக் கிளம்பும்போது நர்ஸ் தன் தலையணையையும் கையுறைகளையும் அவளிடம் கொடுத்தாள். "குடுத்து வெச்சவங்கக்கா நீங்க. எப்பவும் இந்தக் காட்டுலயே இருக்கீங்க."

மறுநாள் மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். கெட்ட மனுஷர் இல்லை. உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். மரத்துக்குப் பணம் தருகிறவர்கள் இனிக் கூலிக்குத் தரமாட்டார்களாம். ஒன்றாம் தேதி முதல் கூலி ஆள் என்று யாரும் கிடையாது. விருப்பமுள்ளவர்கள் தன்னார்வலராக இருந்துகொள்ளலாம். சாப்பாடும் அறையும் உண்டு. மற்றவர்கள் மாதக் கடைசிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும்.

"அவருக்கு மருந்து எதை வெச்சு சார் வாங்குறது?"

மேலாளர் மேஜையில் கிடந்த பேனாவை நேராக வைத்தார். "எனக்குப் புரியுதும்மா. யாரையும் கட்டாயப்படுத்தல. யோசிச்சு, உங்களுக்கு விருப்பம்னா இந்தத் தாள்ல கையெழுத்துப் போடுங்க."

விஷயத்தைக் கேட்ட புருஷன் கூரையைப் பார்த்தபடி சொன்னான்.

"என்னை எங்கயாவது ஆஸ்பத்திரி வாசல்ல விட்டுட்டு நீ கிளம்பு. வேலை தெரிஞ்ச கை. எங்க போனாலும் பொழைச்சுக்குவ."

"சும்மா கிடங்க. இந்தப் பக்கம் திரும்பணும் இப்போ." நர்ஸ் காட்டிக்கொடுத்தபடியே அவனைப் புரட்டி, தலையணையைச் செருகினாள்.

காலையில் போய்க் கைநாட்டு வைத்தாள். ஆளுக்கு ஒன்று என்று அவளுக்கும் ஒரு பச்சைச் சட்டை கொடுத்தார்கள். தன்னார்வலர்கள் எல்லாரும் போடுவது. புடவை மேல் மாட்டிக்கொண்டு அறைக்கு வந்து, புருஷனுக்கு முதுகைத் திருப்பிக் காட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். அவன் அதை இரண்டு முறை படித்தான்.

"காப்பகத்தோட பேருதான்" என்றான்.

ஒன்றாம் தேதி புதுத் தன்னார்வலர்களோடு பஸ் வந்தது. அவள் கையுறை போட்டுக்கொண்டு கடைசிக் குழியை வெட்டிக்கொண்டிருந்தாள். அதே பச்சைச் சட்டையில் ஒரு பெரியவர், கையில் கன்றோடு சரிவில் மெதுவாக இறங்கி வந்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்று உரக்கப் படித்தார்.

"'நான் விரும்பி வந்தேன்.' அட, நீங்களும் நம்மள மாதிரிதானா? சந்தோஷம்மா. எத்தனை நாள் இருக்கப் போறீங்க?"

கடப்பாரை மண்ணில் அப்படியே நின்றது. அவள் நாற்றங்கால் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அறையின் ஜன்னல் திறந்திருந்தது.

பெரியவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. முட்டி போட்டு, கண்ணை மூடி ஒரு நிமிஷம் வேண்டிக்கொண்டு, கன்றைப் பையோடு பக்கத்துக் குழிக்குள் இறக்கினார். இரண்டு கையாலும் மண்ணைத் தள்ளி மூடி, எழுந்து நின்று, அசையாமலிருக்கக் காலால் நன்றாக மிதித்தார்.