சாமிக்கு நேராக ஒரு கிதார்

என் கிதாரைப் பற்றி யார் என்ன சொன்னாலும் காது கொடுத்துக் கேட்பேன். கேட்டுவிட்டு நான் நினைத்ததைத்தான் செய்வேன். இந்தக் குணத்துக்கு எங்கள் வீட்டில் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், அது இங்கே வேண்டாம். பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் நான் கணக்கு டீச்சர். கோயில் கொடைத் திருவிழாக் காலத்தில் பாபநாசம் அண்ணாச்சியின் மெல்லிசைக் குழுவில் எலெக்ட்ரிக் கிதார் வாசிப்பேன். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை என்று ஆரம்பத்தில் கேட்டவர்கள், கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய், இப்போது தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வாசிக்கக் கூப்பிடுகிறார்கள்.

தொண்ணூற்றைந்தாம் வருஷம் பங்குனியில்தான் வம்பு தொடங்கியது. அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு அம்மன் கொடை. மெதுவான பாட்டு ஒன்றில் பாடகி மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில், என் கிதாரிலிருந்து 'ஊ' என்று ஓர் இரைச்சல் கிளம்பி ஸ்பீக்கர் வழியாக ஊர் முழுக்கக் கேட்டது. கமிட்டித் தலைவர் மேடைக்குக் கீழே வந்து, மாவு மில்லையும் கூடவே கூட்டிக்கொண்டு வந்தீர்களா என்று சிரிக்காமல் கேட்டார். அவருக்கும் சேர்த்துக் கூட்டம் சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அடுத்த இரண்டு கொடைகளிலும் இதே கதைதான்.

பாபநாசம் அண்ணாச்சி கோர்ட்டில் குமாஸ்தா. அதட்டிப் பேசத் தெரியாது, ஆனால் ஒன்று சொல்லிவிட்டால் மாற மாட்டார். சித்திரையில் வரும் பெரிய கொடைக்குப் பத்து நாள் இருக்கும்போது வீட்டுக்கு வந்தார். எங்கள் குழுவில் கீபோர்டு வாசிக்கும் மகேஷ் புதுப் பெட்டி வாங்கியிருக்கிறானாம், அதில் கிதார் சத்தமும் இருக்கிறதாம், ஒரு பொத்தானை அழுத்தினால் போதுமாம், இரைச்சல் என்ற பேச்சே இல்லையாம். இதையெல்லாம் தரையைப் பார்த்தபடியே சொன்னார். கடைசியில்தான் நிமிர்ந்தார்.

"டீச்சர், சித்திரைக் கொடைக்குள்ள அந்தப் பிக்கப்ப மாத்திருங்க. இல்லன்னா ஒங்க பாகத்த மகேஷ் வாசிக்கட்டும். நீங்க கோவிச்சிக்கிடக் கூடாது."

கோவித்துக்கொண்டேன். மகேஷ் தங்கமான பையன்தான். அதற்காகப் பொத்தானை அழுத்தி வருகிற சத்தத்துக்கு என் இடத்தைத் தூக்கிக் கொடுக்க முடியுமா?

பிக்கப் என்றால் பெரிய சமாசாரம் ஒன்றுமில்லை. காந்தத்தைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றி, கிதாரின் தந்திகளுக்கு அடியில் பதித்திருப்பார்கள். தந்தி அதிர்வதைப் பிடித்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புவது அதன் வேலை. கல்கத்தாவிலிருந்து கிதார் வந்தபோது அதிலேயே இருந்தவை மூன்று, எல்லாம் ஒற்றைச் சுருள். அவற்றின் சத்தம் பளிச்சென்று இருக்கும். கூட்டத்தில் நூறு பேர் பேசிக்கொண்டிருந்தாலும் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்கும். ஒரே குறை, அக்கம்பக்கத்தில் ஓடுகிற கரண்டின் இரைச்சலையும் சேர்த்துப் பிடித்துவிடும்.

எங்கள் குழுவுக்கு மைக்செட்டும் விளக்கும் போடுகிறவர் சாலமோன் அண்ணன். சமாதானபுரத்தில் கடை. அவருடைய மச்சான் கப்பலில் வேலை பார்க்கிறவர், சிங்கப்பூரிலிருந்து இரட்டைச் சுருள் பிக்கப் ஒன்று கொண்டுவந்திருந்தார். ஒரு சுருள் பிடிக்கும் இரைச்சலை மற்றது அடித்துவிடும். எனக்குச் சும்மாவே தருவதாக அண்ணன் சொன்னார். அவ்வளவு நல்ல மனசு. சிக்கல் என்னவென்றால், அது என்னுடையதைப் போல இரண்டு மடங்கு அகலம். கிதாரின் மரத்தைச் செதுக்கினால்தான் உட்காரும். நான் சரி என்று சொல்லும் முன்பே தந்திகளைத் தளர்த்தி, பென்சிலால் மரத்தில் கட்டம் போட்டுவிட்டு, உளியைக் கையில் எடுத்துவிட்டார்.

"ஏட்டி ஃபிளோரா, அரை இஞ்சு செதுக்கினாப் போதும். கண்ண மூடிக்கோ, முடிஞ்சிரும்."

"செதுக்குன பெறகு பிடிக்கலன்னா?"

அண்ணன் பொய் சொல்லத் தெரியாதவர். உளியைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். "செதுக்குனத ஒட்டவா முடியும்?" என்றார்.

உளியைக் கீழே வைக்கச் சொன்னேன். தந்திகளை மறுபடி முறுக்கிச் சுருதி சேர்த்தேன். புதுப் பிக்கப்பின் ஒயரை நேராக ஆம்ப்ளிஃபயரில் கொடுத்து, அதைத் தந்திகளுக்கு மேலே கவிழ்த்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு வாசித்துப் பார்த்தேன். இரைச்சல் துளி கூட இல்லை. சத்தமும் கனமாக, உருண்டையாக, நன்றாகவே இருந்தது. ஆனால் போர்வைக்குள்ளிருந்து யாரோ பேசுவது போல இருந்தது, அந்த யாரோ நான் இல்லை. அப்போதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. பத்து நாளில் என் சத்தம் போகும், இல்லாவிட்டால் என் இடம் போகும்.

பழைய பிக்கப்பையே மறுபடி கொடுத்து வாசித்தேன். 'ஊ' என்று அது எப்போதும் போல அழுதது. எரிச்சலில் அண்ணனைப் பார்க்காமல் கிதாரோடு திரும்பிக்கொண்டேன். இரைச்சல் பாதியாகக் குறைந்தது. இன்னும் கொஞ்சம் திரும்பினேன், அடியோடு நின்றுபோனது.

கணக்கு டீச்சரிடம் இப்படி ஒன்றைக் காட்டினால் விடுவாளா? கடைத் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு எட்டுத் திசைகளையும் குறித்தேன். ஒவ்வொரு திசையாகப் பார்த்து நின்று, இரைச்சலுக்குப் பத்துக்கு இவ்வளவு என்று மார்க் போட்டேன். எதிரெதிரான இரண்டு திசைகளுக்குப் பூஜ்யம். பிறகு கிதாரோடு கடைக்குள் நடந்தேன். மூலையில் இருந்த இரும்புப் பெட்டியை நெருங்க நெருங்க இரைச்சல் அலறியது.

அது என்ன பெட்டி என்று கேட்டேன். புது சீரியல் விளக்குக்கு உண்டான டிரான்ஸ்ஃபார்மர், மாசியில்தான் வாங்கினேன் என்றார் அண்ணன். இரைச்சல் தொடங்கியது பங்குனியில். கொடையில் அதை எங்கே வைக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"பிள்ளைக தொட்டுரக் கூடாதுன்னு மேடைக்கு அடியில வைக்கேன். நீ நிக்கேல்லா, அந்த எடத்துக்கு நேர் கீழ."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பெட்டியை அவர் தலையிலேயே வைத்திருப்பேன். அதைத் தள்ளி வைக்கவும் வழியில்லை. விளக்குகளின் ஒயர் அளவெடுத்து வெட்டியது. சரி, நான் திரும்பி நின்றுகொள்கிறேன் என்று முடிவு செய்தேன். அன்றைக்கே அண்ணாச்சி வீட்டுக்குப் போய், பிக்கப்பை மாற்றப் போவதில்லை, இரைச்சலும் வராது என்று சொன்னேன். வந்தால் என்ன செய்ய என்று கேட்டார். வந்தால் என் பாகத்தை மகேஷிடம் கொடுத்துவிட்டு நானே மேடையை விட்டு இறங்கிவிடுகிறேன், அதற்குப் பிறகு எந்த மேடைக்கும் வர மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். யாரும் அதை என்னிடம் கேட்கவில்லை. வாய் சும்மா இருக்காது எனக்கு.

கொடையன்று விளக்கு வைக்கும் நேரத்தில் சாலமோன் அண்ணன் சீரியலைப் போட்டார். நான் மேடையில் பக்கவாட்டில் திரும்பி நின்று சுருதி சேர்த்தேன். சுத்தமாக இருந்தது. அப்போதுதான் அந்த ஊர்க் கமிட்டித் தலைவர் மேடையேறி வந்தார்.

எங்கள் பக்கத்துக் கொடைகளில் மேடையைச் சனங்களைப் பார்த்துப் போட மாட்டார்கள். கோயிலுக்கு நேர் எதிரே அம்மனைப் பார்த்துத்தான் போடுவார்கள். கச்சேரி முதலில் அவளுக்கு. நடுவில் அவள் பார்வைக்கு வழி விட்டுவிட்டு, சனங்கள் இரண்டு பக்கமும் உட்காருவார்கள். மூன்று வருஷமாக அந்த மேடைகளில் நின்றவள்தான் நான். எட்டுத் திசைகளையும் குறித்தேனே தவிர, அம்மன் இருக்கிற திசையை மறந்துவிட்டேன்.

"எல்லாரும் அம்மன் மொகத்தப் பாத்து நிக்காங்க. நீங்க மட்டும் சைடு காட்டிக்கிட்டு நிக்கிய. வேதக்காரப் பிள்ளைன்னு நாளைக்கு ஒரு பேச்சு வந்துரக் கூடாது, பாத்துக்கிடுங்க."

அவர் கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் வலித்தது. எங்கள் சர்ச்சில் பீடத்துக்கு முன்னால் நின்று பாடுகிறபோது நான் மட்டும் வேறு பக்கம் பார்த்து நிற்பேனா? அவர் சொன்னதில் தப்பே இல்லை. அம்மனைப் பார்த்துத் திரும்பினேன். 'ஊ' என்று கிதார் ஆரம்பித்தது. மகேஷ் என் முகத்தைப் பார்க்காமல் கிதார் பொத்தானைத் தேடினான். அண்ணாச்சி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு மணிக் கச்சேரிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. கொடுத்த வாக்குப்படி நான் இறங்க வேண்டும்.

அப்போது எனக்கு என் மேலேயே சிரிப்பு வந்தது. இரண்டு கோடுகளுக்கு நடுவே உள்ள கோணத்தை மாற்ற எந்தக் கோட்டைத் திருப்பினால் என்ன? இதை எட்டாம் வகுப்பில் கரும்பலகையில் வருஷா வருஷம் போடுகிறேன். மேடை விளிம்பில் குனிந்து சாலமோன் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, என்னையத் திருப்ப முடியாது. நீங்க பெட்டியத் திருப்புங்க."

முணுமுணுத்துக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டி மேடைக்கு அடியில் தவழ்ந்து போனார். பெட்டி தரையில் உரசும் சத்தம் கேட்டது. இரைச்சல் முதலில் கூடியது. இன்னும் திருப்புங்க என்றேன். குறைந்தது. இன்னும் பைய என்றேன். நின்றுபோனது. நான் அம்மனைப் பார்த்தபடியேதான் நின்றுகொண்டிருந்தேன்.

ஏழு மணிக்கு அண்ணாச்சி வணக்கம் சொல்லி முடித்தார். முதல் பாட்டு என் கிதாரில்தான் தொடங்க வேண்டும், தனியாக. கூட்டம் அடங்கியது. ஸ்பீக்கரில் ஒரு சத்தமும் இல்லை. அண்ணாச்சியின் முகம் வெளுத்துவிட்டது. என் பக்கம் சாய்ந்து, மைக்கில் விழாதபடி கேட்டார்.

"டீச்சர், ஆம்ப்ளிஃபயர் போடலியா?"

மகேஷின் விரல் பொத்தான் மேல் தயாராக இருந்தது. பென்சில் கட்டம் அழியாத கிதாரை நேராகப் பிடித்து, அம்மன் முகத்தைப் பார்த்து முதல் தந்தியை மீட்டினேன். பளிச்சென்று, நான் மூன்று வருஷமாக வாசித்த அதே சத்தம், கோயில் வாசல் வரைக்கும் போனது.

அண்ணாச்சி மகேஷின் கையைப் பிடித்துக் கீபோர்டிலிருந்து மெல்ல எடுத்துவிட்டார்.