அட்டையில் மூன்றாவது பெயர்

அன்று காலை அச்சகத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், என் தங்கை, தங்கையின் கணவர், என் மருமகள், அச்சகத்தின் உரிமையாளர். தாங்களும் அங்கே இருந்ததாகச் சொல்லித் திரியும் உறவினர்கள் ஒருவரும் அங்கே இல்லை.

நாங்கள் பூட்டு செய்கிற குடும்பம். என் தகப்பனார் தொடங்கிய தொழில். மாப்பிள்ளை, அதாவது தங்கையின் கணவர், பதினொரு ஆண்டுகளுக்கு முன் என்னோடு வாய்ச்சண்டை முற்றித் தொழிலை விட்டு வெளியேறினார். காரணம் இங்கே தேவையில்லை. இந்த ஆண்டு நானே நேரில் போய் அழைத்ததால் திரும்பி வரச் சம்மதித்தார். ஒரே நிபந்தனை வைத்தார். புதிய விலைப்பட்டியலின் அட்டையில் தகப்பனார் பெயர், என் பெயர், அதற்குக் கீழே அவர் பெயர் இருக்கவேண்டும். அச்சான தாளைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஒப்பந்தத்தில் கையெழுத்து.

அட்டையின் நிறம் கரும்பச்சை. வடிவமைத்தவள் மருமகள். அதற்கான மென்பொருள் எங்கள் வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். கெட்டிக்காரி. அவளிடம் நான் இதைச் சொன்னதில்லை.

இயந்திரம் ஓடி நின்றது. உரிமையாளர் ஒரு தாளை உருவி மேசைமேல் விரித்தார். தகப்பனார் பெயர் வெள்ளை எழுத்தில் பளிச்சென்று இருந்தது. அதற்குக் கீழே என் பெயர். அதற்கும் கீழே பச்சை. வெறும் பச்சை.

மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பச்சை அப்படியேதான் இருந்தது.

"வீடு தேடி வந்து கூப்பிட்டீங்களேன்னு நம்பி வந்தேன் மச்சான். மூக்கறுக்கத்தானா?"

"மாப்பிள்ளை, எனக்கு ஒண்ணும் தெரியாது."

"உங்களுக்குத் தெரியாம அந்தக் கம்பெனியில ஒரு திருகாணி நகருமா?"

நகராது.

தங்கை கைபேசியை நீட்டினாள். "இதுல இருக்கே! நம்ம வாட்ஸ்அப் குரூப்புல பதினேழு பேர் கட்டைவிரல் தூக்கினாங்க. எல்லாருக்குமா கண்ணு அவிஞ்சு போச்சு?"

உண்மைதான். கைபேசியில் மூன்று பெயர்களும் இருந்தன. மருமகளின் மடிக்கணினியிலும் இருந்தன. தாளில் மட்டும் இரண்டு.

"ஃபைல் எப்படியோ தாளும் அப்படித்தான் சார்," என்றார் உரிமையாளர். "என் மெஷினுக்கு உங்க குடும்பத்துல யார் மேலயும் கோபம் இல்ல."

மாப்பிள்ளை அதற்குள் கதவருகே போய்விட்டார். தங்கை அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். "அஞ்சு நிமிஷம் நில்லுங்க. பதினொரு வருஷம் முறுக்கிக்கிட்டு நின்னீங்க, அஞ்சு நிமிஷத்துல கால் ஒடிஞ்சு போயிடாது."

மருமகள் அச்சுக்கு அனுப்பிய பிடிஎஃப்பைத் திறந்து, ஒவ்வொரு மையையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் பார்வைக்கு மாற்றினாள். திரையிலும் மூன்றாவது பெயர் காணாமல் போனது. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"சின்ன மாமா, வெள்ளைக்குன்னு இங்க மை கிடையாது. எழுத்து வர்ற இடத்துல பச்சை அடிக்காம விட்டா, தாளோட வெள்ளை தெரியும். உங்க பேருக்கு மட்டும் ஓவர்பிரிண்ட்னு ஒரு குறி விழுந்திருக்கு. பச்சையை விலக்காதே, அது மேலயே அடின்னு அர்த்தம். மேல அடிக்க மையே இல்ல. பச்சை மூடிடுச்சு. போன் அந்தக் குறியைக் கண்டுக்காது, பேரைக் காட்டிடும். பிரஸ் அப்படியே கேட்டுக்கும்."

"அது ஏம்மா என் பேருக்கு மட்டும்?"

"கறுப்பு எழுத்துக்கு அந்தக் குறி போடறது வழக்கம். உங்க பேர் முதல்ல கறுப்புல இருந்துச்சு. அப்புறம் நிறத்தை வெள்ளையா மாத்தினேன், குறியை எடுக்க மறந்துட்டேன்."

"ஏன் கறுப்புல இருந்துச்சு?"

அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள். "என் தப்புதான் சின்ன மாமா. சரியாப் பார்க்காம எக்ஸ்போர்ட் பண்ணிட்டேன்."

மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார். "வீட்டுப் பொண்ணை முன்னால தள்ளிட்டு நீங்க பின்னால நிக்கறீங்களா மச்சான்? நான் வரேன்."

எங்கள் குடும்பத்தில் ஒருவர் செய்ததை இன்னொருவர் தலையில் கட்டியதில்லை. அவர் கை கதவுப் பிடியில் இருந்தது.

"கறுப்புல போடச் சொன்னது நான்," என்றேன். "பொறந்தவங்க பேரு வெள்ளையில, கட்டிக்கிட்டு வந்தவர் பேரு கறுப்புலன்னு சொன்னேன். பச்சையில கறுப்பு சரியாத் தெரியாதுன்னு அவ சொன்னா. தெரிஞ்ச வரைக்கும் தெரியட்டும்னேன். கடைசி நாள் தங்கச்சி போன்ல அழுதா. சரி, வெள்ளையாவே மாத்துன்னேன்."

"நான் அழல," என்றாள் தங்கை. "கத்தினேன்."

மாப்பிள்ளை கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்தார். பிறகு அவர் தோள்கள் குலுங்கின. கதவிலேயே சாய்ந்துகொண்டு சிரித்தார்.

"அடப் போங்க மச்சான்! கறுப்புலயே விட்டிருந்தா பாதியாவது தெரிஞ்சிருப்பேன். மரியாதை பண்றேன்னு கிளம்பி என்னை மொத்தமா அழிச்சிட்டீங்களே!"

தங்கை சிரித்தாள். உரிமையாளரும் சிரித்தார், அது அவருக்குத் தேவையில்லாத வேலை. நான் சிரிக்கவில்லை.

மருமகள் குறியை நீக்கினாள். அச்சுக்கென்று ஏற்கெனவே சேமித்து வைத்திருந்த அமைப்பிலேயே மறுபடி பிடிஎஃப் எடுத்தாள். மை பிரித்துப் பார்த்தாள், பச்சையில் மூன்று பெயர்களும் ஓட்டையாகத் தெரிந்தன. அதே கோப்பைத்தான் குரூப்புக்கும் அனுப்பினாள்.

"இனிமே போன்ல பார்த்துச் சரி சொல்றது கிடையாது மாமா. மை பிரிச்சுக் காட்டி, நீங்க அதுல கையெழுத்துப் போட்ட பிறகுதான் அனுப்புவேன். அதுக்கப்புறம் யாரும் நிறம் மாத்தச் சொல்லக் கூடாது."

"யாரும்னா?" என்றேன்.

"யாரும்தான் மாமா."

ஒப்புக்கொண்டேன்.

புதிய அச்சுத் தகடு போட்டு அச்சடிக்க மதியம் ஆனது. மாப்பிள்ளை ஈரத் தாளில் தன் பெயரை விரலால் தடவிப் பார்த்தார். அதே விரலோடு ஒப்பந்தத்தைப் பிடித்துக் கையெழுத்திட்டார். ஓரத்தில் ஒரு பச்சை ரேகை விழுந்துவிட்டது. வேறு தாள் எடுக்கட்டுமா என்று உரிமையாளர் கேட்டார். வேண்டாம் என்றேன்.

நடந்ததற்கு ஈடாக மாப்பிள்ளையின் பெயரை என் பெயரைவிடப் பெரிதாகப் போட்டுக்கொடுத்ததாக உறவினர்களுக்குள் ஒரு பேச்சு உலவுகிறது. அது பொய். அளவுகோல் வைத்து அளந்திருக்கிறேன். மூன்று பெயர்களிலும் எழுத்தின் உயரம் ஒன்றே. அவர் பெயர் நீளமானது.