தேவகி பேருக்கு நேரா எழுதின வார்த்தை

நான் கோவக்காரி. பெருமைக்கு சொல்லல, ஊருக்கே தெரிஞ்ச விஷயம். ஒரகடம் பக்கத்துல காருக்கு ஒயர் செட் கட்டற கம்பெனியில பன்னெண்டு பொம்பளைங்களுக்கு நான் லைன் லீடர். லீடருக்கு மட்டும் மஞ்ச தொப்பி. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுல கம்பெனி பஸ் ஏறும்போதே அத்த மாட்டிக்குவேன். "உள்ள போயி போட்டா ஆவாதா?"ன்னு எங்க வூட்டுக்காரரு சுகுமார் கிண்டல் பண்ணுவாரு. ஆவாதுன்னுதான் சொல்லுவேன்.

அந்தத் தொப்பி எனக்கு வந்ததே இங்கிலீஷாலதான். லைன்ல இன்னா நடந்தாலும் ரிப்போர்ட்ட இங்கிலீஷ்ல எழுதணும். என்ன வுட்டா எங்க லைன்ல அதுக்கு ஆள் கிடையாது. நான் மட்டும் இன்னா பெரிய படிப்பா? பன்னெண்டாவதுதான். பழைய ரிப்போர்ட்டுங்கள பாத்து ஒரு நோட்டுல வார்த்தைங்கள எழுதி வெச்சிக்கினு, ஒரே மாதிரி வார்த்தைங்கள ஒரே பக்கத்துல சேத்து வெப்பேன். மிஸ்டேக், எரர், ஃபால்ட், நெக்லிஜென்ஸ். நாலுக்கும் நேரா 'தப்பு'ன்னு எழுதி கோடு இழுத்துட்டேன். அதுக்கு மேல மண்டைய ஒடச்சிக்கல.

ஒரு வாட்டி, வேலை 'பீஸ் ஆஃப் கேக்'னு ரிப்போர்ட்ல எழுதிட்டேன். ரொம்ப சுலபமா முடிஞ்சிதுன்னு அர்த்தம், எங்கியோ படிச்சது. ஹெச்ஆர் வினோத்குமார் சார் நாலு பேரு எதுர, "இளமதி, ரிப்போர்ட்ல கேக் எல்லாம் வெட்டாதீங்க"ன்னுட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு மூஞ்சே செத்துப்போச்சி. இனிமே எழுதனா வெயிட்டான வார்த்தைதான்னு அன்னிக்கு முடிவு பண்ணேன்.

போன மாசம் ஒரு செவ்வாக்கெழமை, ஒயர சேத்துப் பூட்டற புது கிளிப் வந்துச்சி. பழசும் கறுப்பு, புதுசும் கறுப்பு, பூட்டற பக்கம் மட்டும் வேற. காலையில லைன்ல நிக்கும்போதே நான் அத்த எல்லாருக்கும் காட்டி சொல்லியிருக்கணும். அன்னிக்கு வாலாஜாபாத்துல பஸ்ஸு நின்னுபோயி லேட்டு. நாஷ்டா வேற துன்னல. அப்புறமா சொல்லிக்கலாம்னு வுட்டேன். அப்புறமும் சொல்லல.

மத்தியானத்துக்குள்ள தேவகி நாப்பது செட்டுல கிளிப்ப பக்கம் மாத்திப் பூட்டிட்டா. நல்லவேளை, செக்கிங்ல புடிச்சிட்டாங்க. தேவகி காவாந்தண்டலத்துப் பொண்ணு, ரெண்டு வருஷமா கான்ட்ராக்ட். அடுத்த மாசம் பர்மனென்ட் பண்ற லிஸ்ட்ல அவ பேரு இருந்துச்சி. அதிர்ந்து பேசமாட்டா. நான் போயி, "கண்ணு இன்னா பொடனியிலயா கீது?"ன்னு கத்தனேன். "சாரிக்கா"ன்னா. அந்த நாப்பது செட்டையும் சோத்துக்குக் கூட போவாம பிரிச்சி கட்டிக் குடுத்துட்டுதான் எழுந்தா.

ரிப்போர்ட்ல 'காரணம்'னு ஒரு கட்டம் கீது; யாரு, இன்னா பண்ணாங்கன்னு எழுதணும். அதுல மிஸ்டேக்னு எழுதப் போனேன். பள்ளிக்கூடத்துப் புள்ள எழுதறா மாதிரி இருந்துச்சி. நோட்டப் பொரட்டனேன். நெக்லிஜென்ஸ். ஆகா, எவ்ளோ நீளம், எவ்ளோ வெயிட்டு! தேவகி பேருக்கு நேரா அத்த எழுதி, கீழ என் கையெழுத்தையும் போட்டேன்.

வியாழக்கெழமை தேவகி வேலைக்கு வரல. வெள்ளிக்கெழமையும் வரல. அன்னிக்கு சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுல எறங்கறேன், அவ நின்னுக்கினு கீறா. கையில ஒரு லெட்டரு, நாலா மடிச்சி.

"கம்பெனியில குடுத்தாங்கக்கா. விசாரணை முடியற வரைக்கும் வராதன்றாங்க. இன்னா எழுதிக்கீதுன்னு புரியல. படிச்சி சொல்லுங்க."

படிச்சேன். நடுவுல பெரிய எழுத்துல நான் எழுதன வார்த்த.

"இது இன்னாக்கா, நெக்லி... இதுக்கு இன்னா அர்த்தம்?"

"தப்புன்னு அர்த்தம்."

"தப்புதான், நான் இல்லங்கல. அதான் எல்லாத்தையும் பிரிச்சி கட்டிக் குடுத்தனே? தப்பு பண்ணா எல்லாரையுமா வராதன்றாங்க?"

அதுக்குள்ள அவ ஊரு பஸ்ஸு வந்துச்சி. ஏறப் போனவ திரும்பி, "சார்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்கக்கா. நீங்க சொன்னா கேப்பாரு"ன்னா.

பஸ்ஸு போனதும் செல்லுல அந்த வார்த்தைய போட்டுப் பாத்தேன். 'கவனிக்க வேண்டிய பொறுப்பு இருந்தும் கவனிக்காமல் விடுதல். அலட்சியம்.' அங்கியே நின்னு ரெண்டு மூணு வாட்டி படிச்சேன். சோத்துக்குக் கூட எழுந்து போவாத பொண்ண அலட்சியம்னு எழுதிக் குடுத்துக்கீறேன். அய்யோன்னு இருந்துச்சி.

வூட்டுக்கு வந்து, கிளிப்ப பத்தி நான் சொல்லாம வுட்டதையும் சேத்து சுகுமார்கிட்ட சொன்னேன். அவரு நெல்லு அறுக்கற மெஷினு ஓட்டறவரு. அவருக்கு வெளக்கவே வேண்டியதில்ல. "கழனியில கல்லு கெடக்கறது தெரியாம வுட்டு ப்ளேடு ஒடஞ்சா, அது ஒண்ணு. தெரிஞ்சும் பாத்துக்கலாம்னு வுட்டா, அது வேற. ரெண்டாவது மாதிரி பண்ணா என்ன எவனும் கூப்புட மாட்டான்"ன்னாரு. அப்புறம், "நீ போயி சொன்னியானா தொப்பி போயிடும், பாத்துக்கோ"ன்னாரு. எனக்கு அவரு மேலதான் கோவம் வந்துச்சி. சாப்புடாம படுத்துட்டேன்.

சனிக்கெழமை மொத வேலையா வினோத்குமார் சார் ரூமுக்குப் போனேன். அர்த்தம் தெரியாம எழுதிட்டேன், தேவகி மேல குத்தம் இல்ல, அவ பண்ணது வெறும் மிஸ்டேக்குன்னு சொன்னேன். நல்ல மனுஷன், கத்தல. தேவகிய திங்கக்கெழமையே வரச் சொல்லிடறேன், பர்மனென்ட் லிஸ்ட்டுலயும் கை வெக்க மாட்டேன்னு சொல்லிட்டு, புது ஃபாரம் ஒண்ண எடுத்து என் பக்கம் தள்ளனாரு.

"ஆனா காரணம்னு ஒண்ணு எழுதணுமே. புது கிளிப்ப பத்தி யாரு சொல்லியிருக்கணும்?"

"நான்தான் சார்."

"மறந்துட்டீங்களா?"

நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அவரே சொன்னாரு: "மறந்துட்டேன்னா மிஸ்டேக்குன்னு எழுதுங்க. அதோட முடிஞ்சிடும். உங்களுக்கும் ஒண்ணும் ஆவாது."

எழுதியிருக்கலாம். பேனா கையிலதான் இருந்துச்சி. கழட்டன தொப்பி மேசை மேல இருந்துச்சி. அந்த மனுஷனும் நல்ல மனசோடதான் சொன்னாரு.

"மறக்கல சார். அப்புறமா சொல்லிக்கலாம்னு வுட்டேன்."

"இளமதி, நல்லா யோசிச்சி எழுதுங்க."

யோசிச்சா எழுதமாட்டேன்னு எனக்கே தெரியும். அதனால கடகடன்னு எழுதனேன். என் பேருக்கு நேரா நெக்லிஜென்ஸ். இந்த வாட்டி நோட்டப் பாக்கல. சார் தொப்பிய எடுத்து அவரு பக்கம் வெச்சிக்கினாரு.

திங்கக்கெழமை பஸ்ஸுல தேவகி வந்து என் பக்கத்துலயே ஒக்காந்தா. அதுக்குள்ள லைன்ல எவளோ எல்லாத்தையும் போன்ல சொல்லியிருக்கா. பைய மடியில வெச்சிக்கினா. அப்புறம் மெதுவா கேட்டா.

"அந்த வார்த்தைய எழுதனது நீங்களாக்கா?"

"ஆமா."

"அர்த்தம் தெரியாம எழுதிட்டீங்கன்னாங்க."

ஆமான்னு சொல்லி தலைய ஆட்டியிருந்தா அவ வுட்டிருப்பா. அவ மூஞ்சில அது நல்லா தெரிஞ்சிது.

"அர்த்தம் தெரியாது தேவகி. ஆனா கிளிப்ப பத்தி நான் சொல்லலன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சிதான் அந்தக் கட்டத்துல உன் பேர எழுதனேன்."

அவ பைய எடுத்துக்கினு எழுந்து, முன்னாடி காலியா இருந்த சீட்டுல போயி ஒக்காந்துக்கினா.