தொங்கிப் பார்க்காத கயிறு

விடியும் முன்பே மாதவனின் கயிறு கம்பெனியில் அனல் ஏறிவிடும். பாலவனத்தம் ஊரின் வேலிக்கருவை இருட்டில் நிற்கும்போதே அனுசியா பிளாஸ்டிக் கழிவை உருக்கும் மிஷினின் வாயில் கொட்டத் தொடங்குவாள். புகை தொண்டையில் கசக்கும். முன்பு பழைய கயிற்றுத் துண்டுகள் மட்டுமே உருகின. இப்போது பாதிக்குப் பாதி மலிவான பாலித்தீன் பை.

உருகும்போது இரண்டும் சேர்ந்தாற்போல இருக்கும். உள்ளே எண்ணெயும் தண்ணீரும் போலத்தான். ஒன்றுக்குள் மற்றொன்று பொட்டுப் பொட்டாக விலகி நின்று, ஆறியதும் அப்படியே உறைந்துவிடும். இழையாக இழுத்தால் பொட்டுகளும் நீளும். பாரம் ஏறினால் பொட்டுகளின் ஓரம் பிரிந்துவிடும். இரண்டையும் பிடித்துவைக்க ஒரு பொடி உண்டு. மாதவன் அதை வாங்குவதை நிறுத்திவிட்டான். கயிறு என்னவோ பளபளப்பாகத்தான் வந்தது.

கூடவே ஒரு வழக்கத்தையும் நிறுத்தினான். ஒவ்வொரு கலவையின் முதல் கயிற்றையும் உத்திரத்தில் போட்டு, லோடு ஏற்றும் வீரபத்திரன் தொங்கிப் பார்ப்பான். அதன் பிறகே கயிறு வெளியே போகும். "நேரத்தத் தின்னுது" என்றான் மாதவன்.

போன வாரம் லாரி மேல் நின்று வீரபத்திரன் இழுத்துக் கட்டும்போதே கயிறு அறுந்தது. விழுந்தவன் மேல் பண்டல்கள் சரிந்து இடுப்பை நசுக்கின. இனி அவன் நடக்கமாட்டான். மாதவன் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். நார்நாராக உரிந்து கிடந்த அறுந்த கயிற்றையும் மிஷினில் போடச் சொன்னான் பாவி. போட்டது அனுசியாவின் கை.

இன்று அதே கலவைக் கயிறு திருச்சுழிப் பக்கம் கிணறு தூர்வாருகிறவர்களுக்காக லாரியில் ஏறிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துத்தான் ஆட்கள் உள்ளே இறங்குவார்கள்.

"மொதலாளி, இது ஆளத் தாங்காது" என்றான் மிஷின் ஓட்டும் இலியாஸ்.

"வீரபத்திரன் குடிச்சிட்டு விழுந்தான். லேபர் ஆபீஸ்ல கேட்டா எல்லாரும் அப்படித்தான் சொல்லணும்."

"அந்த அண்ணே குடிக்க மாட்டாக" என்றாள் அனுசியா.

"ஒனக்கு வேல வேணுமா, வேண்டாமா? ரோட்டுல எத்தனையோ பேரு நிக்கிறாக."

அவள் லாரியிலிருந்து ஒரு பண்டலை இழுத்துப் பிரித்து உத்திரத்தின் மேல் வீசிக் கட்டினாள். நுனி மாதவனின் முகத்துக்கு நேரே வந்து ஆடியது.

"தொங்குங்க மொதலாளி. நீங்க தொங்கி எறங்குனா நாங்களே லோடு அனுப்புறோம்."

மாதவனின் கை எழும்பியது. கயிற்றைத் தொடாமல் சட்டைப்பையிலிருந்த போனை எடுத்தது. வேறு ஆள் அனுப்பச் சொல்லி யாரிடமோ கத்தினான்.

இலியாஸ் மிஷினை அணைத்தான். எல்லோரும் போய் லாரிச் சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். வெயில் ஏறியது. நாளை கூலி இருக்குமா என்று யாருக்கும் தெரியாது.

"வாரவுகளுக்கும் உத்திரத்துல தொங்குற, மொதலாளி தொடாத அந்தக் கயித்தக் காட்டுவோம்" என்றாள் அனுசியா. "பாத்தா அவுகளும் ஏத்த மாட்டாக."

வருகிறவர்கள் உட்கார இலியாஸ் கொஞ்சம் தள்ளி இடம் விட்டான்.